மராமத்து

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது நம் முன்னோர் மொழி. கட்டிய வீட்டைக் காத்துப்பார் என்று எவரும் சொல்லிவைக்கவில்லை. கட்டுவதில் உள்ள ஆரவாரம் காப்பதில் இல்லை என்பதே அதற்குக் காரணமாயிருக்கலாம். அடிக்கல் நாட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறோம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிறோம். ஓடு மாற்றும் நாளுக்கும் சாக்கடை அடைப்பு எடுக்கும் நாளுக்கும் எவரும் பந்தல் போடுவதில்லை. இந்த எளிய உண்மையை நாங்கள் கற்றுக்கொண்டது வீட்டிலன்று, கணினிகளின் நடுவே.

பள்ளிக்கரணையில், வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில், முதல் மாடியில் இரண்டு அறைகள் எங்கள் அலுவலகம். நாங்கள் மூவர். எங்களில் மூத்தவர் முப்பதாண்டுகள் கணினியோடு பழகியவர்; நடுவர் கணக்கு வழக்கையும் வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொள்பவர்; இளையவர் மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் பெண். பின்புறச் சன்னலைத் திறந்தால் சதுப்பு நிலம் தெரியும். பனிக்காலக் காலைகளில் கூழைக்கடாக்கள் வந்திறங்குவதைப் பார்த்தபடியே நாங்கள் முதல் தேநீரைக் குடிப்பது வழக்கம். சொந்தமாகச் சர்வர் வாங்கிவைக்க வசதியில்லாத சிறிய நிறுவனங்களின் கணக்குகளையும் பதிவேடுகளையும் எங்களிடமுள்ள சர்வரில் வைத்துக் காப்பதே எங்கள் தொழில். ஒரு நர்சரிப் பள்ளி, ஒரு அரிசி மண்டி, இரண்டு மருந்துக் கடைகள், தாம்பரத்துக்கு அருகே குறைந்த கட்டணத்தில் இயங்கும் ஒரு டயாலிசிஸ் மையம் என்று பதினொரு பேர் எங்களை நம்பியிருந்தார்கள்.

பதினொரு பேருக்கும் பதினொரு கணினிகள் எங்களிடம் இல்லை. இருந்தது ஒன்றே. அந்த ஒன்றுக்குள் பதினொரு கணினிகள் ஓடின. கேட்பவர்களுக்கு இது மாயம்போல் தோன்றும். மாயமொன்றுமில்லை. சென்னையின் பழைய தெருக்களில் ஒண்டுக் குடித்தன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு. உள்ளே ஏழெட்டுக் குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி அடுப்பு. கிணறும் மாடிப்படியும் கூரையும் மட்டும் பொது. அதேபோல் ஒரு பெரிய கணினியின் நினைவகத்தையும் வட்டையும் கணக்கிடும் ஆற்றலையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு தனிக் கணினியென்றே நம்பவைக்கும் மென்பொருள் உண்டு. அந்தக் குடித்தனங்களுக்கு மெய்நிகர் கணினிகள் என்று பெயர். எங்கள் புழக்கத்தில் 'வி.எம்.' அவற்றைத் தாங்கும் வீட்டுக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் இது உருவாயிற்று. 1972-இல் அந்நிறுவனம் இதைத் தன் பெருங்கணினிகளோடு வெளியிட்டது. 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் இதைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 2007-இல் லினக்ஸின் மையக் கருவோடு கே.வி.எம். என்னும் பகுதி இணைந்தபின், எங்களைப்போன்ற எளியவர்களுக்கும் இது கட்டணமின்றிக் கைக்கு வந்தது.

ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு பழைய சிக்கல் உண்டு. அவரவர் தம் பகுதியைக் கூட்டிப் பெருக்கிக்கொள்வார்கள்; பொதுக் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? மெய்நிகர் கணினிகளுக்கும் அதே சிக்கல்தான். எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். அவை நாள்தோறும் கண்டுபிடிக்கப்படும். எழுதியவர்கள் அவற்றை அடைக்கும் ஒட்டுகளை வெளியிடுவார்கள். ஒவ்வொரு வி.எம்.முக்குள்ளும் அந்த ஒட்டுகளைப் போடவேண்டும். அத்தோடு முடிந்துவிடாது. எல்லாவற்றையும் தாங்கும் ஹோஸ்டுக்கும் போடவேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று இரண்டு குறைகள் வெளியாயின. அவை மென்பொருளில் இருந்தவையல்ல, கணினியின் சில்லுக்குள்ளேயே இருந்தவை. ஒரு குடித்தனத்தின் இரகசியத்தை அடுத்த குடித்தனம் சுவர் வழியே ஒட்டுக்கேட்கக்கூடிய குறைகள் அவை. அவற்றுக்கு வி.எம்.மில் மட்டும் ஒட்டுப் போட்டாலும் போதாது. ஹோஸ்டில் மட்டும் போட்டாலும் போதாது. இரண்டிலும் வேண்டும்.

ஹோஸ்டைப் புதுப்பிப்பதென்றால் பெரும்பாலும் அதை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டும். கூரையைப் பிரித்துப் போடும்போது குடியிருப்பவர்கள் ஒதுங்கித்தானே ஆகவேண்டும்? வசதியுள்ளவர்கள் இரண்டு மூன்று ஹோஸ்டுகள் வைத்திருப்பார்கள். ஒன்றைப் பழுதுபார்க்கும்போது அதிலுள்ள வி.எம்.களை, ஓட்டம் நிற்காமலே, அடுத்ததற்கு மாற்றிவிடுவார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே வீடு. எனவே பதினொரு பேரிடமும் நேரம் கேட்டு, அத்தனையையும் நிறுத்தி, புதுப்பித்து, மறுபடி எழுப்பவேண்டும். ஒருவருக்கு மாதக் கடைசி ஆகாது. ஒருவருக்குப் பள்ளிக் கட்டண நாள் ஆகாது. டயாலிசிஸ் மையத்துக்கு ஞாயிறு தவிர எந்த நாளும் ஆகாது.

ஆகவே தள்ளிப்போட்டோம்.

தள்ளிப்போட்டோம் என்று சொல்லும்போது சோம்பலால் தள்ளிப்போட்டோம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அப்படியிருந்தாலாவது வெட்கப்பட்டுத் திருந்தியிருப்போம். நாங்கள் பெருமையோடு தள்ளிப்போட்டோம். கணினி நிற்காமல் எத்தனை நாள் ஓடுகிறது என்பதை ஒரு கட்டளையிட்டால் அதுவே சொல்லும். 2021 ஜூனில் இயக்கிவைத்த எங்கள் ஹோஸ்ட் 500 நாள்களைத் தாண்டியபோது மூத்தவர் இனிப்பு வாங்கிவந்தார். புதிதாக வரும் வாடிக்கையாளர்களுக்கு அந்த எண்ணைக் காட்டுவோம். "ஒருநாள்கூட நிற்கவில்லை பாருங்கள்" என்போம். ஓடுகிற வண்டியைத் தொடாதே என்பதே எங்கள் தொழில்நெறியாக இருந்தது. புதிய மையக் கரு வந்திருக்கிறதென்று அறிவிப்பு வரும்போதெல்லாம் அதை இறக்கி நிறுவிவைப்போம்; ஆனால் மறுஇயக்கம் செய்யமாட்டோம். நிறுவப்பட்ட புதியது வட்டில் உறங்கும். ஓடுவது பழையதாகவே இருக்கும். மருந்தை வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டு, குணமாகிவிட்டதென்று மகிழ்வதைப் போன்றது அது.

இளையவர் மட்டும் அவ்வப்போது கேட்பார். "சார், ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திப் பார்த்துவிடலாமே? நிறுத்தினால் திரும்பி எழும்புமா என்று நமக்கே தெரியாதே?" அந்தக் கேள்வியின் கூர்மை அன்று எங்களுக்குப் புரியவில்லை. அனுபவம் போதாத பிள்ளையின் அச்சம் என்று சிரித்துக்கொண்டோம்.

உலகம் எங்களுக்குப் போதிய எச்சரிக்கை கொடுத்திருந்தது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஒட்டை வெளியிட்டது. அதைப் போடாதிருந்த கணினிகளை மே 12 அன்று வான்னாக்ரை என்னும் பணயத்தொகை கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. இடையில் கிடைத்த அவகாசம் 59 நாள்கள். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் ஆயிரக்கணக்கான மருத்துவச் சந்திப்புகள் இரத்தாயின. 2023 பிப்ரவரியில் நடந்தது எங்கள் தொழிலுக்கே நேரானது. வி.எம்.வேர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்னும் ஹோஸ்ட் மென்பொருள் ஓடிய சர்வர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டன. வீட்டையே பூட்டினால் குடித்தனங்கள் என்ன செய்யும்? ஒரே அடியில் அவற்றிலிருந்த மெய்நிகர் கணினிகளின் கோப்புகள் பல மறையாக்கம் செய்யப்பட்டன. தாக்கியவர்கள் நுழைந்த ஓட்டை என்று அன்று சுட்டப்பட்டது இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2021 பிப்ரவரியிலேயே, ஒட்டு வெளியிடப்பட்ட ஓட்டை.

அந்தச் செய்தியைப் படித்த அன்று நாங்கள் என்ன செய்தோம்? நம்முடையது லினக்ஸ், கே.வி.எம்.; நமக்கில்லை இந்தத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனோம். வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். திருக்குறளில் 54-ஆவது அதிகாரம். மகிழ்ச்சியின் மிகுதியில் வரும் மறதிக்கே அவர் பொச்சாப்பு என்று பெயரிடுகிறார். துன்பத்தில் வரும் மறதியை மன்னிக்கலாம். எல்லாம் நன்றாயிருக்கிறது என்ற இன்பத்தில் வரும் மறதியே ஆளைக் கெடுக்கும். எங்கள் மறதி அவ்வகையைச் சேர்ந்தது.

2023 டிசம்பர் 3, ஞாயிறு. மிக்ஜாம் புயலின் மழை அன்றிரவும் மறுநாளும் கொட்டித் தீர்த்தது. தெற்கே இருக்கும் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போகவேண்டும். தங்கவேண்டிய இடத்தில் நாமெல்லாம் வீடு கட்டியிருக்கிறோம். எங்கள் அலுவலகக் கட்டடமும் விலக்கன்று. எனவே நீர் எங்கள் தெருவில் தங்கியது. தரைத்தளத்திலிருந்த ஜெனரேட்டர் முழுகியது. திங்களன்று விடியுமுன் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். மின்கலங்கள் தம்மால் இயன்றவரை தாங்கின. பிறகு அவையும் ஓய்ந்தன. வி.எம்.களை முறைப்படி நிறுத்திவைக்கும் ஏற்பாடு எதையும் நாங்கள் செய்திருக்கவில்லை. 900 நாள்களுக்கும் மேலாக நிற்காது ஓடிய கணினி இருட்டில் தானே நின்றது.

வியாழக்கிழமை இடுப்பளவு நீர் முழங்காலுக்கு இறங்கியபின் மூவரும் அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். அன்று காலையில்தான் மின்சாரம் வந்திருந்தது. பொத்தானை அழுத்தினோம். ஹோஸ்ட் எழுந்தது. வி.எம்.களும் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆனால் ஒன்றோடும் தொடர்புகொள்ள முடியவில்லை. பதினொரு கணினிகளும் பதினொரு தீவுகளாக நின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரவு எட்டுமணி ஆயிற்று. கண்டபின் நாணினோம். 2021-இல் வலைப்பின்னல் அட்டைக்கான இயக்கி மென்பொருளை அன்றைய மையக் கருவுக்கென்று கையாலேயே தொகுத்துச் சேர்த்திருந்தோம். இரண்டரை ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த புதிய மையக் கரு இப்போது முதன்முறையாக விழித்தது. அதற்கு அந்த அட்டை இன்னதென்றே தெரியவில்லை. கணினி எழும்பும்போது பழைய மையக் கருவைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டே நிமிடத்தில் எல்லாம் வந்தது. நிறுத்தினால் திரும்பி எழும்புமா என்று இளையவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எழும்பாது என்பதே விடை. ஒரு ஞாயிறு மாலையில் நிதானமாக அறிந்திருக்க வேண்டியதை, வெள்ளத்தின் நடுவில், வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் தவித்துக்கொண்டிருக்கையில் அறிந்தோம்.

அந்தப் பதினொருவரில் அரிசி மண்டி பொறுத்துக்கொண்டது, பள்ளி விடுமுறையிலிருந்தது. டயாலிசிஸ் மையம் பொறுத்துக்கொள்ள முடியாது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். மழையென்று தள்ளிப்போட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நீரை இறக்கவேண்டும், இரத்தம் உறையாதிருக்க எவ்வளவு ஹெபாரின் தரவேண்டும், யாருக்கு மஞ்சள்காமாலைக் கிருமி இருப்பதால் தனி எந்திரம் ஒதுக்கவேண்டும் என்பதெல்லாம் எங்கள் சர்வரில்தான் இருந்தன. செவ்வாயன்றே அங்கிருந்து தலைமைச் செவிலியர் பேசினார். சர்வர் தண்ணீர் நடுவில் நிற்கிறது, இரண்டு நாள் ஆகும் என்று சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உங்க கம்ப்யூட்டர் வரும்போது வரட்டும். என் பேஷண்ட்டுக்கு நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கணினி வந்த நாளிலிருந்தே அதை அவர் கைவிடவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் எதிரே எடையும் மருந்தளவும் எழுதிவைப்பார். இதென்ன இரட்டை வேலை என்று முன்பொருமுறை நாங்களே அவரிடம் கேலியாகக் கேட்டிருக்கிறோம். அந்த மூன்று நாள்களும் மையம் அந்த நோட்டின் மேல்தான் நடந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியம் இருந்திராது. வியாழன் இரவு அம்மையத்தின் வி.எம்.மை எழுப்பியபோது அதன் தரவுத்தளம் திடீர் மின்தடையால் சிதைந்திருந்தது. சரிசெய்தோம். சனிக்கிழமை மாலைப் பதிவுகள் சில மீளவில்லை. அதை அவர்களிடம் சொன்னோமா? "எல்லாம் சரியாகிவிட்டது சிஸ்டர்" என்று சொன்னோம். சில வரிகள்தாமே, எழுதிக்கொள்வார்கள் என்று எண்ணினோம். களைப்பும் வெட்கமும் எங்களை அப்படிப் பேசவைத்தன.

வெள்ளிக்கிழமை முற்பகல் அவரே மறுபடி அழைத்தார். முதியவர் ஒருவருக்குச் சனிக்கிழமை சிகிச்சையின்போது இரத்தக்கசிவு கண்டதால் மருத்துவர் ஹெபாரினைப் பாதியாகக் குறைத்திருந்தார். எங்கள் திரையோ பழைய அளவையே காட்டிற்று. புதிதாகச் சேர்ந்த பயிற்சிச் செவிலியர் திரையைப் பார்த்து மருந்தை எடுத்துவிட்டார். பக்கத்தில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த தலைமைச் செவிலியர் கையைப் பிடித்து நிறுத்தினார். "சரியாகிடுச்சுன்னு சொன்னீங்களே தம்பி" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவரும் விடை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டோம். பிறகு வெகுநேரம் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அமர்ந்திருந்தோம்.

அன்றைக்குப்பின் எங்கள் சிந்தனை வேறு திசையில் சென்றது. இந்த மண்ணுக்கு மராமத்து புதிதா? காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த செய்தியைப் பள்ளிப் பருவத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியை வெட்டுவதற்கான வாரியமன்று அது. இருக்கும் ஏரியைக் காப்பதற்கானது. அதன் உறுப்பினர் பதவி 360 நாள்கள். ஆண்டுதோறும் பொறுப்பாளர் மாறுவர், பொறுப்பு மாறாது. பிற்காலத்தில் இதே உணர்வு குடிமராமத்து என்ற பெயரில் தொடர்ந்தது. மழைக்குமுன் ஊர் கூடித் தூர்வாரும், கரையை உயர்த்தும், மதகைப் பார்க்கும். 1858-இல் ஆங்கில அரசு இதற்கெனச் சட்டமே இயற்றிற்று. கட்டாயத்தால் வந்தது நாளடைவில் தேய்ந்தது. 2017 மார்ச்சில் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தாம்பரத்தை அடுத்த மணிமங்கலத்தில் தொடங்கிவைத்தது.

அந்த ஏரி வாரியத்தார், மதகு ஒழுங்காகத்தானே இருக்கிறது, ஏன் திறந்துபார்க்க வேண்டும் என்று கேட்டிருப்பார்களா? திறந்து மூடிப் பார்க்காத மதகு வெள்ளத்தன்று திறக்காது என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த அறிவு எங்களுக்கு இல்லாமற்போனது.

அதற்காக, வந்த ஒட்டையெல்லாம் வந்த அன்றே போட்டுவிடுவதும் அறிவன்று. பழைய ஆடையில் கோடித்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்ற நற்செய்தி உவமையை அறியாதவர் நம்மில் யார்? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் உலகெங்கும் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு, 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச்சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். காக்கவந்ததே கவிழ்த்தது. ஆகவே கேள்வி புதுப்பிப்பதா வேண்டாமா என்பதன்று. எப்படிப் புதுப்பிப்பது என்பதே.

இப்போது நாங்கள் செய்வதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று மைக்ரோசாஃப்ட் தன் ஒட்டுகளை வெளியிடும். 2003 அக்டோபரிலிருந்து வரும் வழக்கம் அது. மற்றவர்களுடையவையும் அவ்வப்போது வந்து சேரும். பன்னிரண்டு நாள்கள் காத்திருந்து, உலகில் எங்கேனும் கிழிந்ததா என்று பார்ப்போம். மிகக் கொடிய ஓட்டையென்றால் காத்திருப்பதில்லை. அந்தச் செவ்வாய்க்கு அடுத்த வாரத்து ஞாயிறு பிற்பகல் வேலை தொடங்கும். முதலில் ஒவ்வொரு வி.எம்.முக்கும் காப்புப்படி, அதுவும் அதே பெட்டிக்குள் அன்று, வேறிடத்தில். அதில் ஒன்றையேனும் எடுத்து மீட்டுப் பார்ப்போம். மீட்டுப் பார்க்காத காப்புப்படி வெறும் நம்பிக்கைதான். பிறகு டயாலிசிஸ் மையத்துக் கணினியின் நகலொன்றைத் தனி வலைப்பின்னலில் எழுப்பி, ஒட்டுகளை அதில் போட்டுப் பார்ப்போம். நகல் பிழைத்தால் அசலுக்குப் போவோம். அசலைத் தொடுமுன் அப்போதைய நிலையைப் படம்பிடித்ததுபோல் நிறுத்திவைக்கும் 'ஸ்னாப்ஷாட்' எடுப்போம். பிழையானால் அந்நிலைக்குத் திரும்பலாம். அது காப்புப்படிக்கு ஈடாகாது; மறந்து விட்டுவிட்டால் வளர்ந்து வட்டையே விழுங்கிவிடும். எனவே மூன்றாம் நாள் அதை நீக்குவது ஒருவர் பொறுப்பு. கடைசியாக எல்லா வி.எம்.களையும் முறைப்படி நிறுத்தி, ஹோஸ்டைப் புதுப்பித்து, மறுஇயக்கம் செய்வோம். தரவுத்தளம் முதலில் எழும். அதை நம்பியிருப்பவை அடுத்து எழும்.

பழைய ஹோஸ்ட் சென்டோஸ் 7-இல் ஓடியது. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிவதால், அந்த ஆண்டு கோடையில் வேறொரு சர்வர் வாங்கி, ஒவ்வொரு குடித்தனமாகப் புதுவீட்டுக்கு மாற்றினோம். பழைய பெட்டியைத் தூக்கியெறியவில்லை. நகல்களைச் சோதிக்கும் இடமாயிற்று. அரிசி மண்டியின் கணக்கு மட்டும் விண்டோஸ் சர்வர் 2012-ஐ விட்டு வர மறுத்தது. அதற்கு 2023 அக்டோபர் 10-க்குப்பின் வழக்கமான ஒட்டுகள் இல்லை. அதனை இணையத்திலிருந்து துண்டித்து, மண்டியிலிருந்து மட்டும் எட்டும்படி வேலியிட்டு வைத்தோம். எல்லா முதுமைக்கும் மருந்து இல்லை. சிலவற்றுக்குத் துணையிருப்பு மட்டுமே இயலும்.

இதற்கெல்லாம் மாதந்தோறும் சிறிது கூடுதல் கட்டணம் கேட்டபோது எழுந்த கேள்வியையும் மறைக்காமல் எழுதவேண்டும். "புதிதாக ஒன்றும் வரவில்லையே, எதற்குக் காசு?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். நன்றாக நடந்த மராமத்தின் விளைவு எதுவும் நடக்காமலிருப்பதே. நடக்காத ஒன்றுக்கு எப்படிக் கணக்கு எழுதுவது? பின்புறச் சன்னலை அவருக்குக் காட்டினோம். அந்தச் சதுப்பு நிலத்தை 2022-இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். அதுவரை எத்தனையோ ஆண்டுகள் அது ஒன்றும் செய்யாத தரிசென்றே எண்ணப்பட்டது. குப்பை கொட்டினார்கள், மண் கொட்டினார்கள், மனை போட்டார்கள். அது செய்துகொண்டிருந்த வேலை வெள்ளத்தன்றுதான் தெரிந்தது. கடைக்காரர் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கிடங்கும் முழுகியிருந்தது. கட்டணத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார், ஏற்றுக்கொண்டோம்.

டயாலிசிஸ் மையத்திடம் கட்டணம் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டது வேறொன்று. அந்த நீள நோட்டை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டோம். "யார் நிறுத்தப்போறா?" என்றார் தலைமைச் செவிலியர். சிறிது நேரங்கழித்து, "நீங்களும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க தம்பி" என்றார்.

வாங்கிவைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் எந்தக் கணினியில் என்ன ஒட்டுப் போட்டோம், எப்போது நிறுத்தினோம், எப்போது எழுந்தது, எது பிழைத்தது, எது மீளவில்லை, அதை யாரிடம் சொன்னோம் என்று அதில் எழுதுகிறோம். கடைசிக் கட்டம் இளையவர் சேர்த்தது. யாரிடம் சொன்னோம் என்ற அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பக்கத்தைப் புரட்டக்கூடாது என்பது அவர் விதித்த விதி. அதற்கு மூத்தவர் உட்பட நாங்கள் மூவரும் கட்டுப்பட்டிருக்கிறோம்.

சென்ற முறையும் ஞாயிறு மாலை ஐந்துமணிக்கு மறுஇயக்கத்துக்கான கட்டளையைக் கொடுத்தோம். விசிறிகளின் இரைச்சல் ஒருகணம் அடங்கியது. திரை இருண்டது. சதுப்பு நிலத்தின் மேல் பறவைகள் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்தச் சில நிமிடங்களில் எங்களில் எவரும் பேசுவதில்லை. பிறகு எழுத்துகள் ஓடத்தொடங்கின, ஒவ்வொரு வி.எம்.மாகப் பதில் சொல்லத் தொடங்கியது. பதினொன்றையும் எண்ணி முடித்தபின் இளையவர் அந்தப் பழைய கட்டளையை ஒருமுறை தட்டினார். எத்தனை நாளாக ஓடுகிறது என்று சொல்லும் கட்டளை அது. ஒரு நாளும் ஆகவில்லை, நான்கு நிமிடங்களே ஆயின என்று அது சொல்லிற்று.

மூத்தவர் நோட்டை எடுத்து அந்த நான்கு நிமிடங்களை எழுதிக்கொண்டார்.